வயிற்றுவலியும் மனவடுவும்

(இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாட்டில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவர்களுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாஸ்திரங்களைச் சேர்ந்ததாகத் தோன்றும். குடலைப் பற்றும் தொற்றுநோய்களை ஐயந்திரிபறக் கண்டறிவது ஒன்று. யுத்தத்தாலும் இயற்கை அநர்த்தங்களாலும், சொல்ல நாக்கூசினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், பெற்ற வீட்டுக்குள்ளேயே விழும் அடிகளாலும் மனம் புண்பட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பேச நான் துணிந்ததற்குக் காரணம், இவை இரண்டும் நம்முடைய வாசலுக்கு வரும்போது ஒரே முறைப்பாட்டோடு வருகின்றன என்பதுதான்: “அம்மா, வயிறு நோகுது.”

ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் தொப்புளைச் சுற்றி நோவதாகச் சொல்கிறாள். தாய் ஓமத்தண்ணீர் கொடுக்கிறாள்; அயல்வீட்டுக்காரி பூச்சியாக இருக்கும் என்கிறாள்; பூச்சிமாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள்; இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் மறுபடியும் நோவு. பிறகு பட்டினத்து மருந்துக்கடையில் யாரோ கையெழுத்தில்லாமல் எடுத்துக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வருகின்றன. அதற்கும் அடங்காதபோது நாவூறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். இத்தனை பேர் இத்தனை அன்போடு பிரயத்தனம் செய்த இந்தக் கதையில், அந்தப் பிள்ளையின் மலத்தை எவரும் பரிசோதிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து கதையை எவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஊகித்தார்கள். ஊகத்தை விட்டு நிச்சயத்துக்கு வருவது எப்படி என்பதே இன்றைய என் பேச்சு.

மலத்தைப் பற்றி மேடையில் பேசுவது அநாகரிகம் என்று கருதும் கண்ணியம் நம்மவரிடம் உண்டு. ஆனால் மணற்பாங்கான தீவிலே, ஆழமில்லாத கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்க நேரும் ஊரிலே, அந்தக் கண்ணியத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. மணலுக்குள்ளே நீர் எளிதில் ஊர்ந்து செல்லும். குழியில் உள்ளது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் வேண்டியதில்லை. மன்னார்க் கரையின் சரித்திரத்தைப் புரட்டினால், முத்துக்குளிப்பு நடந்த காலங்களில், சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மணலில் கொட்டில் போட்டுத் திரண்டபோதெல்லாம், வாந்திபேதி என்னும் அச்சமும் கூடவே வந்து குடியேறியதைக் காணலாம். இந்தியாவிலிருந்து தோட்டவேலைக்கு வந்த ஏழைகள் இந்தக் கரையில் இறங்கி, மாத்தளையை நோக்கி வன்னிக் காட்டினூடே நடந்த வடபாதையிலே, அந்த வியாதிக்கு இரையாகி வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வியாதியின் காரணம் இன்னதென்று திட்டமாகச் சொல்லவும் நெடுங்காலம் ஒருவருமில்லை.

வாந்திபேதிக் கிருமியை 1884இல் கல்கத்தாவிலே றொபேட் கொக் நிச்சயப்படுத்தினார். 1897இல் ஜப்பானில் பரவிய வயிற்றுளைவிலிருந்து கியோஷி ஷிகா மற்றொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நெருப்புக்காய்ச்சலுக்கு இரத்தத்தில் அடையாளம் தேடும் சோதனையை 1896இல் பாரிஸில் பெர்னான் விடால் வகுத்தார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளே பல குடல்நோய்களுக்குப் பெயரும் காரணமும் கிடைத்துவிட்டன. ஆனால் பெயர் கிடைத்ததும் நிர்ணயம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்ததுதான் பின்வந்தவர்கள் மெல்ல மெல்ல உணர்ந்த பிழை. நெருப்புக்காய்ச்சல் பரவலாக உள்ள இடத்தில், முன்பு எப்போதோ வந்துபோன தொற்றும் விடால் சோதனையில் தன் சுவட்டைக் காட்டும். ஒருமுறை செய்த அந்தச் சோதனையை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால், டெங்குவோ எலிக்காய்ச்சலோ கவனியாமல் விடப்படக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்ப்பதே இன்றும் நம்பத்தக்க வழி. கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு வைத்தியசாலைக்கு வருகிறவர், அந்த வழியைத் தம் கையாலேயே அடைத்துவிட்டு வருகிறார்.

ஆய்வுகூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகே நின்று பார்ப்போம். கண்ணாடித் தகடொன்றின் ஒரு பக்கத்தில் உப்புநீர் ஒரு துளி, மறுபக்கத்தில் அயடீன் ஒரு துளி. தீக்குச்சி முனையளவு மலத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் கரைத்து, மெல்லிய கண்ணாடி மூடியை வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழே தள்ளுகிறார்கள். உப்புநீரில் உயிருள்ள அமீபா விரல் நீட்டுவதுபோல ஊர்வதைக் காணலாம். அயடீனில் அதன் உறைக்குள்ளே உள்ள கருக்கள் துலக்கமாகத் தெரியும். நான்கு கருவுக்கு மேற்படாதிருந்தால் நோய் செய்யும் அமீபா, எட்டு இருந்தால் தீங்கில்லாத அதன் உறவினன் என்று வெகுகாலம் மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் நான்கு கருவுள்ளவற்றிலேயே, தோற்றத்தில் ஒன்றேயாய், ஒன்று குடலைத் துளைப்பதும் மற்றொன்று யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருப்பதுமாக இரண்டு ஜாதிகள் இருக்கின்றன என்று பிரெஞ்சு விஞ்ஞானி எமில் புரும்ப் 1925இலேயே சொன்னார். அதை உலகம் ஒப்புக்கொள்ள 1993 வரை ஆயிற்று! இடைப்பட்ட காலத்தில், தேவையில்லாத மருந்தை விழுங்கியவர்கள் எத்தனை இலட்சம் என்று யார் கணக்கிடுவது? செங்குருதிக் கலங்களை விழுங்கி வைத்திருக்கும் அமீபாவை நேரே கண்டாலன்றி, கண்ணால் மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

புழுவுக்கு வேறு முறை. ஜப்பானியரான கற்றோ வகுத்து, பிரேசிலின் கற்ஸ் 1972இல் செம்மைப்படுத்திய அந்த முறையில், துளையிட்ட சிறு தகடொன்றால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்தெடுத்து, அதில் காணும் முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்குரிய கணக்கு வந்துவிடும். கொழுக்கிப்புழுவின் முட்டைகளோ கண்ணாடித் தகட்டில் ஒரு மணிநேரத்துக்கு மேல் நில்லா, கரைந்து மறைந்துவிடும். காலையில் தயாரித்த தகட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டால், புழு நிறைந்த பிள்ளைக்குப் புழுவில்லை என்று எழுத நேரும். நிர்ணயம் என்பது கருவியில் மட்டுமன்று, அதைக் கையாளுகிறவரின் நேர்மையிலும் நேரந்தவறாமையிலும் தங்கியிருக்கிறது.

இதைவிட ஆழமான பாடம் ஒன்றை நம் காலத்து ஆராய்ச்சி கற்பித்தது. 2013இல் வெளிவந்த ஒரு பேராய்வில், கல்கத்தா, கராச்சி, வங்கதேசத்து மிர்சாபூர், ஆபிரிக்காவின் நான்கு நாடுகள் ஆகிய ஏழு இடங்களிலே, வயிற்றோட்டம் கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்ததோடு நில்லாமல், அதே ஊரில் அதே வயதில் சுகமாக விளையாடித் திரிந்த பிள்ளைகளின் மலத்தையும் ஆராய்ந்தார்கள். நோயாளிப் பிள்ளைகள் 9,439 பேர்; சுகமான பிள்ளைகள் 13,129 பேர். சுகமாக இருந்தவர்களில் மிகப் பலரிடமும் கிருமிகள் இருந்தன! அப்படியானால், கிருமியைக் கண்டோம் என்பதாலேயே நோய்க்குக் காரணத்தைக் கண்டோம் என்று சொல்லமுடியாது. சுகமானவரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் றோட்டாவைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஷிகெல்லா, நச்சுச் செய்யும் ஒருவகை ஈகோலை என்ற சிலவே மெய்யான குற்றவாளிகளாகத் தனித்து நின்றன. தமிழ்நாட்டு வேலூரிலே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் அம்மையாரும் அவருடைய குழுவினரும், சேரிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை வீடு தேடிச் சென்று பின்தொடர்ந்து, மலத்தை ஒழுங்காகச் சேகரித்துப் பரிசோதித்தார்கள். ஆறு மாதம் நிரம்புமுன்பே 56 வீதமான குழந்தைகளை றோட்டாவைரஸ் தொட்டுவிட்டதையும், மூன்றுமுறை தொற்றியபின்னும் முழுப் பாதுகாப்பு வந்துவிடவில்லை என்பதையும் 2011இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஏழைத் தாய்மார் மூன்று வருஷம் பொறுமையோடு ஒத்துழைத்ததால் பிறந்த அறிவு அது.

இனி, பரிசோதனையெல்லாம் செய்து, மலத்தில் ஒன்றுமில்லை, இரத்தத்தில் ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளைக்கு வலி மட்டும் இருக்கிறது என்றால்? “சும்மா பாசாங்கு” என்று நாம் முடித்துவிடுகிறோம். இது பெரும் அநியாயம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜோன் அப்லி, 1958இல் ஆயிரம் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து, பத்தில் ஒருவருக்கு அன்றாடக் காரியங்களைத் தடைசெய்யும் வயிற்றுவலி மீண்டும் மீண்டும் வருகிறது என்று கண்டார். நம் நாட்டில், களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடத்தைச் சேர்ந்த நிரங்க தேவநாராயண அம்மையாரும் ஷாமன் ரஜிந்திரஜித் அவர்களும் கம்பகா மாவட்டத்து மாணவரிடம் செய்த ஆராய்ச்சியிலே, ஏறக்குறைய அதே கணக்கு, 10.5 வீதம், கிடைத்தது. அவர்களில் விரிவாகப் பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினருக்கு உறுப்புநோய் யாதுமில்லை. அதே ஆராய்ச்சியாளர் பின்னர் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள மாணவரை விசாரித்தபோது, உடலாலோ உள்ளத்தாலோ பாலியலாலோ துன்புறுத்தப்பட்டவர்களிடையே இத்தகைய குடற்கோளாறுகள் மற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகமாக இருந்தன. வலி மெய், அதற்குரிய காரணம்தான் குடலுக்கு வெளியே இருக்கிறது. குடலின் நரம்புகளுக்கும் மூளைக்கும் இடையே இராப்பகலாகச் செய்தி போய்வருவதாலே, அஞ்சி ஒடுங்கிய மனத்தின் செய்தி குடலில் வலியாக இறங்குகிறது.

இதைக் கேட்டுவிட்டு, எல்லா வயிற்றுவலியும் மனவலி என்று எண்ணிவிடாதீர்கள். எடை குறைதல், மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், ஓயாத வாந்தி, தூக்கத்திலிருந்து பிள்ளையை எழுப்பும் வலி, தொப்புளை விட்டு விலகி ஒரு மூலையில் நிலைத்து நிற்கும் வலி, இவற்றில் எது இருந்தாலும் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். மனத்தை விசாரிப்பது, உடலை விசாரிக்காமல் விடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

நம்முடைய வடக்கிலே குடல்நோயும் மனவடுவும் எப்போதும் பிரிந்து வந்ததில்லை. 2009இல், யுத்தம் முடிந்தபோது, இந்தத் தீவிலிருந்து வெகுதூரமில்லாத செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அடைபட்டிருந்த காலத்தில், வயிற்றோட்டமும் செங்கமாரியும் பரவின. கண்முன்னே உற்றாரை இழந்த பிள்ளைகள் அதே கூடாரங்களில்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அகதி முகாம் என்பது வைத்திய சாஸ்திரத்துக்கு வெறும் துயரக்களம் மட்டுமன்று என்பதற்கு உலக சரித்திரத்தில் சான்று உண்டு. 1971இல் வங்கதேச யுத்தத்தின்போது, எல்லையோரத்துப் பொங்காவ் முகாமில் வாந்திபேதி கொள்ளைகொண்டு, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நெருக்கடியில், திலீப் மகலனபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டச் செய்தார். முப்பது வீதமளவிலிருந்த மரணம் நான்கு வீதத்துக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் வீடுகளில் ஜீவனி என்று அறியப்படும் பைக்கற்று, அந்த வழியாக நமக்கு வந்ததே.

மனவடுவுக்கு அப்படியொரு பைக்கற்று உண்டா? நம்மவரில் இதைப்பற்றி முன்னின்று ஆழ்ந்து ஆராய்ந்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரிலேயே இருந்து வைத்தியம் செய்து, 1998இல் வெளிவந்த தம் நூலாலும் பின்வந்த கட்டுரைகளாலும், யுத்தம் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே வடுப்படுத்துகிறது என்று அவர் காட்டினார். ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிளவ்டியா கற்றானி, பிராங்க் நொய்னர் முதலியோர், வடகிழக்கில் 296 தமிழ் மாணவரைத் தனித்தனியே நேரில் விசாரித்து 2008இல் வெளியிட்ட ஆய்வை நான் படித்தபோது, எதிர்பார்த்த ஒன்றும் எதிர்பாராத ஒன்றும் கண்டேன். 82.4 வீதமானோர் யுத்த நிகழ்ச்சி ஒன்றையாவது அனுபவித்திருந்தனர் என்பது எதிர்பார்த்தது. வீட்டுக்குள்ளே அடியோ வசையோ வேறு துன்பமோ பட்டவர்கள் 95.6 வீதம் என்பதே என்னைத் திடுக்கிட வைத்தது. தந்தையின் குடிக்கும் பிள்ளை படும் அடிக்கும் உள்ள சம்பந்தமும் அந்த ஆய்விலே தெளிவாக நின்றது. அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதமானோருக்கு மனவடு நோய் நிர்ணயிக்கப்பட்டது. ஷெல்லடி ஓய்ந்தது, வீட்டடி ஓய்ந்ததா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதே குழுவினர், எம். கோகிலாதேவி என்னும் தமிழ்ப் பெண்ணும் சேர்ந்து, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கிலே செய்த சிகிச்சை ஆராய்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முகாமொன்றில் மனவடு நோய்க்குரிய குறிகள் கண்ட 31 பிள்ளைகளை எடுத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலுக்கு விட்டார்கள்; ஏனெனில் விருப்பத்துக்கு விட்டால், தேறக்கூடிய பிள்ளைகளைத் தம் மனத்துக்குகந்த சிகிச்சையில் சேர்த்துவிட்டு, பிறகு அதுவே சிறந்தது என்று தம்மையறியாமலே சாதிப்பார்கள். ஒரு பகுதியினருக்கு ஆறு அமர்வுகளில் கதைசொல்லும் சிகிச்சை. நிலத்திலே ஒரு கயிற்றை நீட்டி, பிறந்த நாள் தொடங்கி இன்றுவரை, நல்ல நிகழ்ச்சிக்குப் பூவும் கொடிய நிகழ்ச்சிக்குக் கல்லுமாகப் பிள்ளை வைத்துக்கொண்டே போகும். பிறகு ஒவ்வொரு கல்லிலும் நின்று, என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடம்பில் என்ன உணர்ந்தாய் என்று உளவளத்துணையாளர் மெதுவாகக் கேட்க, பிள்ளை சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். அடுத்தமுறை எழுதியதை வாசித்துக் காட்டித் திருத்துவார்கள். முடிவில், தன் முழுச் சரித்திரமும் எழுதிய ஏட்டைப் பிள்ளை தன் கையில் வாங்கிக்கொண்டு போகும். மற்றப் பகுதியினருக்கு, நமக்குப் பழக்கமான மூச்சுப் பயிற்சியும் தியானமும் தளர்வும், அதே ஆறு அமர்வு. இரண்டையும் செய்தவர்கள், பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்களே. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 வீதமும், தியானம் செய்தவர்களில் 71 வீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இவ்விரண்டு கணக்குக்கும் இடையே திட்டமாகச் சொல்லத்தக்க பேதமில்லை.

இது மகிழத்தக்க செய்தி. ஆயினும் 31 பிள்ளைகள் சிறு தொகை என்பதையும், சிகிச்சையே பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடவில்லையாதலால் காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாதென்பதையும் மறைத்துப் பேசுவது சத்தியமாகாது. நல்லெண்ணம் மட்டும் போதாதென்பதற்கு மற்றோர் ஆராய்ச்சி சாட்சி. வீட்சே டோல் என்பவரும் துணைவர்களும் வடக்கிலே ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 399 மாணவரிடம், வகுப்பறையிலேயே பதினைந்து அமர்வுகளாக விளையாட்டும் சித்திரமும் நாடகமும் கலந்த ஒரு முறையை நடத்தி, 2012இல் பெறுபேற்றை வெளியிட்டார்கள். முரட்டு நடத்தை குறைந்தது. ஆண்பிள்ளைகளின் அச்சத்துக்கு ஓரளவு பயன் கிடைத்தது. ஆனால் பெண்பிள்ளைகளிலோ, இந்த உதவியைப் பெற்றவர்களைவிடக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களே மனவடுக் குறிகளில் அதிகம் தேறியிருந்தார்கள். தம் முயற்சிக்குப் பாதகமான இந்த முடிவை ஒளிக்காமல் எழுதிய அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆழிப்பேரலைக்குப் பின்னே விமானமேறி வந்து, இரண்டு நாள் பிள்ளைகளை அழவைத்துவிட்டுப் போன எத்தனையோ பேர், அதனால் என்ன விளைந்தது என்று திரும்பிப் பார்க்கவேயில்லை.

2015இல் ஆராய்ச்சியாளர் சிறீஸ்கந்தராஜாவும் நொய்னரும் கற்றானியும் கண்ட மற்றோர் உண்மையைப் பெற்றோராகிய உங்கள் முன்னே வைக்கிறேன்: யுத்தத்தின் கொடுமையை மிகுதியாகக் கண்ட பிள்ளைகளிலும், பெற்றோரின் பரிவை உணர்ந்த பிள்ளைகள் மனம் ஒடுங்கிப் போவது குறைவாக இருந்தது. இந்தப் பரிவைக் காட்ட வைத்தியரும் வேண்டியதில்லை, மருந்தும் வேண்டியதில்லை. கரைவலை இழுத்துக் களைத்து வந்த கையானாலும், அந்தக் கை பிள்ளையின் மேல் ஓங்காதிருக்கட்டும். சாராயப் போத்தலுக்குப் போகும் காசு கிணற்றுக்குக் கட்டு கட்டவும் மலசலகூடத்தைத் தள்ளி அமைக்கவும் போகட்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சியாளர்கள் இந்த ஊருக்கும் வருவார்கள். மலமும் இரத்தமும் கேட்பார்கள், கதையும் கேட்பார்கள். அவர்களை விரட்டவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடவும் வேண்டாம். எதற்காக, யாருக்காக, பிள்ளைக்கு இதனால் தீங்கு வருமா, நடுவிலே விலகிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர் சங்கம் செய்த பிரகடனம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமை அது. அதற்கு மேலும் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளிடமிருந்து பெற்ற அறிவு ஆங்கிலச் சஞ்சிகைகளோடு நின்றுவிடாமல், தமிழில் எழுதப்பட்டு, இதே தாழ்வுபாட்டுப் பாடசாலைக்கும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்கும் திரும்பி வரவேண்டும். வராத ஆராய்ச்சிக்கு அடுத்தமுறை சம்மதம் கொடுக்காதீர்கள்.